ஈரம் பார்த்த சுவர்

அன்று இருந்தவர்கள் இவர்கள்தான்.

சட்டாம்பிள்ளை அக்கா இருந்தார். விடுதியில் எங்கள் வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவர். இப்போது தடி ஊன்றி நடக்கிறார். செங்கலடிக்காரி இருந்தாள். செங்கலடிச் சந்தியில் அவளுடைய அப்பாவுக்குக் கடை இருந்தது. வாய் அன்றைக்குப் போலத்தான் இன்றைக்கும். ஓட்டமாவடிக்காரி இருந்தாள். நெல் வியாபாரியின் மகள். மகன் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். விடுதியம்மாவின் மகள் இருந்தாள். எங்களில் இளையவள் அவள்தான். அந்த நாளில் ஆறு வயது. எங்களுக்குக் கடிதம் போட்டு அழைத்த இளம் ரீச்சர் இருந்தார், கையில் போனோடு. நான் இருந்தேன்.

உன்னிச்சைப் பிள்ளை இருக்கவில்லை.

இருந்த இடம் கல்லூரியின் பழைய சாப்பாட்டு மண்டபம். இப்போது உடைந்த மேசை, கதிரை போட்டு வைக்கிறார்கள். அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்களாம். இடிப்பதற்கு முதல் கல்லூரியின் கதையை ஒரு புத்தகமாகப் போட வேண்டும், விடுதியில் இருந்த ஆட்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் போனோம். மழை இல்லை. நல்ல வெயில்.

என்னை எழுதச் சொன்னது ஓட்டமாவடிக்காரி. "நீயே எழுதுகா. நீ கூட்டியும் எழுத மாட்டாய், குறைச்சும் எழுத மாட்டாய்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் ரீச்சர் திருத்துவார். சொன்னதை மட்டும் மாற்ற வேண்டாம்.

விடுதியில் இருந்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். பகலில் வந்து படித்துப் போனவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

அப்போது கல்லூரியில் மூன்று கட்டிடங்கள். வாவிப் பக்கம் பார்த்த மாடிக் கட்டிடம். அதைக் கட்டியது வெள்ளைக்காரச் சாமிமார். சுவர் இரண்டு முழம் தடிப்பு. சுண்ணாம்பும் கடற்கல்லும். கோடையிலும் உள்ளே குளிரும். மேலே பெரிய பிள்ளைகள் படுப்பார்கள், கீழே நாங்கள். மாடிப்படியில் ஏழாவது பலகை முனகும். அதில் கால் வைக்காமல் ஏற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சில நேரம் அது முனகும். சாமியார் நடக்கிறார் என்று பெரிய பிள்ளைகள் சொல்வார்கள். அதற்குப் பயந்து நாங்கள் பகலிலும் இரண்டு பேராகத்தான் ஏறுவோம்.

அதற்கு அங்கால் வகுப்புகள். தட்டி வைத்துப் பிரித்த ஒரே நீள மண்டபம். ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு நாலாம் வகுப்புக்கும் பாடமாகிவிடும். மணி என்று ஒன்று இல்லை. தண்டவாளத் துண்டு ஒன்றை வாகை மரத்தில் கட்டி அடிப்பார்கள். அந்தச் சத்தம் தண்ணீருக்கு மேலால் போய் அக்கரையில் பட்டுத் திரும்பி வரும். ஒரு தரம் அடித்தால் இரண்டு தரம் கேட்கும்.

மூன்றாவது இந்தச் சாப்பாட்டு மண்டபம். பின்னால் குசினி. பக்கத்தில் கிணறு. கிணற்றுக்கு அங்கால் மதில், மதிலில் ஒரு சின்ன வாசல், வாசலுக்கு வெளியே வாவி. கல்லுப் படி நாலு தண்ணீருக்குள் இறங்கும். மாரியில் நாலும் தெரியாது.

இனிச் சுவர்.

விடுதிக்கு வரும் பிள்ளை சாப்பிடுவதற்கு எனாமல் தட்டு, நாங்கள் பீங்கான் என்போம், ஒன்று கொண்டுவர வேண்டும். வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு. விளிம்பில் துளை போட்டு, பின்பக்கம் சிவப்புப் பெயின்றில் இலக்கம் எழுதித் தருவார்கள். காலையில் ரொட்டி, அதைக் கையில் வாங்கித் தின்போம். மத்தியானம் தாமரை இலையில் சோறு. பீங்கான் பின்னேரச் சாப்பாட்டுக்கு மட்டும். ஆறு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட்டுக் கழுவி, மண்டபத்துச் சுவரில் அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். பிறகு அதே மண்டபத்தில் செபம்.

செபம் முடிய விடுதியம்மா வருவார். தலை எண்ண மாட்டார். பிள்ளைகள் எழும்பி ஓடுவார்கள், ஒருத்திக்காக மற்றவள் குரல் கொடுப்பாள், அதை எண்ணி முடியாது என்பார். சுவர் ஓரமாக நடப்பார். ஒவ்வொரு பீங்கானையும் விரலால் தொடுவார். ஈரம் என்றால் பிள்ளை சாப்பிட்டிருக்கிறது, விடுதியில் இருக்கிறது. காய்ந்திருந்தால் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வரிசை முழுக்க எழும்பி நிற்க வேண்டும், விடை கிடைக்கும் வரைக்கும். ஒரு தரம் ஒருத்தி கிணற்றடியில் குந்தியிருந்து அழுத நேரம் அவளுடைய வரிசை இரண்டு மணித்தியாலம் நின்றது.

அவருடைய மகள் முன்னால் லாம்பு பிடித்துக்கொண்டு நடப்பாள். அது அவளுடைய வேலை. யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

இதைத்தான் நாங்கள் ஈரம் பார்க்கிறது என்று சொல்வோம். வேறு விடுதிகளில் இருந்ததா என்று தெரியாது. எங்களுக்கு அது நல்ல முறை என்றுதான் பட்டது.

ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாய், ஒரு வாளி, ஆணி அடித்த சுவரில் ஒரு பகுதி. மற்ற வரிசையின் வாளியில் கை வைத்தால் தலைமயிரைப் பிடிக்கும் சண்டை. ஆறாம் வரிசை வாசலோரம். அதில் ஐந்து பேர். சட்டாம்பிள்ளை அக்கா, செங்கலடிக்காரி, ஓட்டமாவடிக்காரி, நான், உன்னிச்சைப் பிள்ளை. அவள் கடைசியாக வந்தவள், அதனால் கடைசி ஆணி.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. பத்து முடிந்து பதினொன்று. உன்னிச்சைக் குளத்தடியில் வயல் செய்கிற வீடு. என் வீடும் அந்தப் பக்கம்தான், வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், இரண்டு வட்டை வயல் தள்ளி. விடுமுறைக்கு ஒரே வண்டிலில் போவோம். குறைவாகப் பேசுவாள். நானும் அப்படி. வண்டிலில் மூன்று மணித்தியாலம் பேசாமல் இருந்து போய் இறங்கியிருக்கிறோம். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த மாரியில் அவளுடைய அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை. அவளுக்கு நேரே மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகி அவளும் பிள்ளைத்தாச்சி. செங்கலடிக்காரி இதை எங்கேயோ கேட்டு வந்துவிட்டாள்.

"என்ன புள்ள, உங்கட அக்காவும் கொம்மாவும் ஒரே தொட்டிலாமே? ஆருக்கு ஆரு முந்தியாம்?"

சட்டாம்பிள்ளை அக்கா, "வாய மூடிற்றுத் தின்" என்றார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்தது. எல்லோரும் சிரித்தோம். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அடுத்த நாள் அவள் பாயில் வந்து இருக்கவில்லை. பீங்கானை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், சமையலக்காவோடு அடுப்படியில் இருந்து சாப்பிட்டாள். பிறகு தினமும் அப்படி. எல்லோரும் செபத்துக்கு எழும்பும் நேரம் பின்னால் வந்து பீங்கானை மாட்டுவாள். ஒரு கிழமைக்கு மேலாக எங்கள் பாயில் அவளுடைய இடம் சும்மா கிடந்தது. எங்களுக்கு அது பழகிப் போனது. அதுதான் பிறகு எல்லாவற்றுக்கும் வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஊர்த் தயிர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கொம்மாவுக்கு வருத்தம் துவங்கிற்று, பாடு கொஞ்சம் கஷ்டம்போலக் கிடக்கு என்று. அவள் விடுதியம்மாவிடம் போனாள். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன்.

"நான் போய்ப் பாத்திற்று வாறன் அம்மா."

"எப்பிடிப் போவாய்? தண்ணி ஏறிக் கிடக்கு. சனிக்கிழம அப்பா வருவார்தானே. வந்தா அனுப்புறன்."

"சனிக்கு ஆறு நாள் கிடக்கு."

"பிள்ளை பிறக்கிறது புதினமா? நீ போய் என்ன செய்யப் போறாய்? போய்ப் படி."

விடுதியம்மா கெட்டவர் இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து சொன்னார். அதை நான் இப்போது விளங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானச் சோறு முடிந்து இலை போடப் போகும்போது அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"நான் போறன். நாளைக்குப் பின்னேரம் வந்திருவன். பாதை இன்னும் ஓடுது."

பாதை என்பது வாவியைக் கடக்கிற மிதவை. கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். எங்கள் பக்கத்துக்கு அது தெரிந்த சொல்தான்.

"பிடிபட்டா?" என்றேன்.

"பீங்கான மட்டும் நனைச்சி மாட்டிரு. ஒரு நாள்தானே. ஆரும் தேட மாட்டாங்க."

"சரி."

மதில் வாசலைத் திறந்து பிடித்தது நான்தான். மழை பிடித்துவிட்டது. சாப்பிட்ட தாமரை இலையைத் தட்டித் துடைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். மதில் ஓரமாக, தண்ணீருக்குள் கணுக்கால் வரை வைத்து நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. இலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. நான் நனைந்துகொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் வாளிக்குள் கையை விட்டு, அவளுடைய பீங்கானில் தடவினேன். மூன்று விரல் தண்ணீர் போதுமாக இருந்தது. விடுதியம்மா வந்தார். தொட்டார். போனார். இவ்வளவு லேசா என்று நினைத்தேன்.

நனைந்ததில் எனக்குக் காய்ச்சல். செவ்வாய் காலையில் என்னைக் காய்ச்சல் அறையில் போட்டார்கள். மாடிப் படிக்குக் கீழே ஒரு யன்னலோடு சின்ன அறை. படுத்திருந்தால் ஏழாவது பலகை நேரே தலைக்கு மேலே. வெளியில் மழை நிற்கவில்லை. வாவி எந்தத் திசையில் என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் தண்ணீர்ச் சத்தம்.

செவ்வாய் செபம் முடிந்து செங்கலடிக்காரி கஞ்சி கொண்டுவந்தாள்.

"உன்னிச்சையாட பீங்கான் ஈரமா?" என்று கேட்டேன்.

"ஓம், ஈரம்தான். ஏன் கேக்காய்?"

"சும்மா."

வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியாக நித்திரை கொண்டேன். இதை மறைக்கவில்லை. நல்ல நித்திரை.

புதனும் வியாழனும் சமையலக்காதான் கஞ்சி தந்தார். உன்னிச்சைப் பிள்ளை குசினிக்கு வருகிறாளா என்று கேட்டேன்.

"இப்ப வாறல்ல. கோபம் ஆறிற்றாக்கும். வரிசையில இருந்து தின்றாள்போல."

வரிசையில் குசினி என்று நினைத்தார்கள். குசினியில் வரிசை என்று நினைத்தார்கள். இரவில் சட்டாம்பிள்ளை அக்கா படுத்தது மாடியில், அவள் கீழே. மழை ஒழுக்குக்காக அந்தக் கிழமை பாய்களை எல்லாம் இழுத்து மாற்றிப் போட்டிருந்தார்கள். எவள் எங்கே படுத்தாள் என்று எவளுக்கும் தெரியாது. வெள்ளத்துக்கு அந்தக் கிழமை வகுப்பும் வைக்கவில்லை.

வெள்ளி பின்னேரம் காய்ச்சல் விட்டது. பசித்தது. செபச் சத்தம் மழைக்குள்ளால் கேட்டது. எல்லோரும் மண்டபத்தில். மாடியில் யன்னல் ஒன்று அடித்தது, பிறகு நின்றது. அந்த நேரம் கிணற்றடிப் பக்கமாக யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. வெறுங்கால் தண்ணீருக்குள் வைக்கிற சத்தம். ஓடவில்லை. மெல்ல, ஒவ்வொன்றாக. மண்டபத்துப் பக்கமாகப் போனது. திரும்பி வந்த சத்தம் கேட்கவில்லை. சமையலக்கா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மழை வெளித்தது. ஒன்பது மணிக்கு உன்னிச்சைப் பிள்ளையின் அப்பா வந்தார். பாதை நின்று மூன்று நாளாம். தோணியில் சுற்றி வந்தாராம். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கையில் தயிர்ச் சட்டி, வாயைத் துணியால் கட்டியது. நான் எழும்பி மண்டபத்து வாசலில் குந்தியிருந்தேன்.  அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"மகளைக் கூப்பிடுங்கம்மா. தம்பி பிறந்திருக்கான் எண்டு சொல்ல வந்தன். செவ்வாய்க்கிழம பிறந்தான். ரெண்டு பேரும் சுகம்."

விடுதியம்மாவும் சிரித்தார். "நான் சொன்னன்தானே, பயப்பிடாத எண்டு. அவ வரப் போறன் எண்டு நிண்டவ." பிறகு மாடிக் கட்டிடத்துக்கு ஆள் அனுப்பினார். இல்லை என்று வந்தது. குசினிக்கு அனுப்பினார். இல்லை. வகுப்பு மண்டபம், கிணற்றடி, கழிப்பறை. இல்லை.

அப்பாவின் சிரிப்பு அப்போதும் முழுதாகப் போகவில்லை. "எங்கயும் விளையாடித் திரிவாள்" என்றார்.

"நேத்துப் பின்னேரமும் சாப்பிட்டவ. நான் தொட்டுப் பாத்தனான்" என்றார் விடுதியம்மா. அவரைச் சுவரடிக்குக் கூட்டிப் போய்க் கடைசி ஆணியைக் காட்டினார். "இஞ்ச பாருங்க, பீங்கான்."

அவர் தயிர்ச் சட்டியைக் கீழே வைத்தார். பீங்கானை ஆணியில் இருந்து எடுத்தார். திருப்பி இலக்கத்தைப் பார்த்தார். பிறகு உள்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல சேறு காஞ்சி கிடக்கே அம்மா" என்றார்.

நான் கிட்ட இருந்தேன். கண்டேன். வாவிச் சேறுபோலக் கறுப்புச் சேறு. கிணற்றடி மண் சிவப்பு.

அப்போது நான் வாயைத் திறந்தேன். திங்கட்கிழமை போனாள் என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

பாதை இழுக்கிறவரைப் போய்க் கேட்டார்கள். திங்கள் பின்னேரம் கடைசி நடையில் ஒரு பிள்ளை இலை ஒன்றைத் தலையில் பிடித்துக்கொண்டு ஏறினது என்றார். "ஏறினதைக் கண்டன். இறங்கினதைக் காணல்ல. சனம் நிறையக் கிடந்தது, தண்ணி இழுத்தது, நான் கயிறப் பாத்தனா பிள்ளையப் பாத்தனா?" என்றார். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டார்கள். வெள்ளம் கடலுக்கு இறங்கியது. தோணிக்காரர் ஐந்து நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும்.

பிறகு விசாரணை. மாடிக் கட்டிடத்தில் ஒரு மேசை போட்டு மூன்று பெரிய மனிதர்கள் இருந்தார்கள். எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். ஒரே கேள்விதான். "கடைசியாக் கண்டது எப்ப?" நான் திங்கள் என்றேன். மற்றவர்கள் தெரியாது என்றார்கள். பீங்கானைப் பற்றி எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை நாங்கள் சொல்லவும் இல்லை.

விடுதியம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியில் நின்ற எங்களுக்கும் கேட்டது. "அஞ்சு பின்னேரமும் தொட்டன். அஞ்சு பின்னேரமும் ஈரம்."

"திங்கள் போன பிள்ளையிட பீங்கான் வெள்ளிக்கிழம எப்பிடி ஈரமாகும்?" என்று ஒருவர் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

தொட்டதே இல்லை, பொய் சொல்கிறார் என்று முடிவு. கவனயீனம் என்று எழுதினார்கள். அவர் ஒரு றங்குப் பெட்டியோடும் மகளோடும் வாசலால் போனார். மகள் லாம்பைக் கையில் வைத்திருந்தாள். அது கல்லூரியின் லாம்பு. வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

விடுதியை அந்தத் தவணையோடு மூடினார்கள். என் அப்பா வந்து என்னைக் கூட்டிப் போனார். பள்ளிக்கூடம் போதும் என்றார். அதன் பிறகு எனக்கு வயல்தான். நாற்று நட்டேன், களை பிடுங்கினேன், கல்யாணம், பிள்ளைகள், அதோடு இவ்வளவு காலமும் போனது. உன்னிச்சைப் பிள்ளையின் அப்பா கொஞ்சக் காலம் சனிக்கிழமைகளில் வந்து வாகை மரத்தடியில் இருந்துவிட்டுப் போவாராம். பீங்கானை அவர் கொண்டுபோய்விட்டார்.

கட்டிடங்களின் கதையையும் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். மாடிக் கட்டிடத்தில் பிறகு ஆமி இருந்தது. மண் மூட்டை அடுக்கியதில் கீழ்ச் சுவர் ஊறிப் போனது. வாகை மரத்தை அவர்கள்தான் வெட்டினார்கள். தண்டவாளத் துண்டு எங்கே என்று தெரியாது. கடல் வந்த வருஷம் கரையோரத்து ஆட்களைச் சாப்பாட்டு மண்டபத்தில் வைத்தார்கள். அவர்கள் ஆறாம் வரிசைப் பக்கம் பாய் போட மாட்டார்களாம், அந்த மூலையில் சீமெந்து எப்போதும் குளிர் என்று. இது ரீச்சர் சொன்னது. ஏழாவது பலகை இருந்த படியைக் கழற்றிவிட்டார்கள். இப்போது மூன்று மாடியில் புதுக் கட்டிடம். கிணற்றை மூடிக் கொங்கிறீற் போட்டிருக்கிறார்கள். மதில் வாசலையும் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சுவரில் ஆணிகள் இருக்கின்றன. வெள்ளை அடிக்கும்போது அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

அன்று கதிரைகளைத் துடைத்து எங்களை இருத்தினார்கள். ரீச்சர் எழுதி வைத்ததை வாசித்தார். "மேற்பார்வையாளரின் கவனயீனத்தால் மாணவி ஒருவர் காணாமற்போக, விடுதி மூடப்பட்டது." விடுதியம்மாவின் மகள் கையை உயர்த்தினாள், வகுப்பில்போல.

"அதக் கேக்கத்தான் நான் வந்தன். அம்மா சாகும் வரைக்கும் ராவுல பீங்கான் கழுவி வெச்சா ஒவ்வொண்டாத் தொட்டுப் பாப்பா. 'நான் தொட்டன்தானே மகள், நீ லாம்பு பிடிச்சாய்தானே' எண்டு கேப்பா. நான் ஓம் எண்டு சொல்லுவன். ஆறு வயசுப் புள்ள பிடிச்ச லாம்ப ஆரு நம்புவா? நீங்க நாலு பேரும் அந்த வரிசை. அம்மா பொய் சொன்னாவா? அத மட்டும் சொல்லுங்க."

 

நான் சொன்னேன். "திங்கள் நான் நனைச்சன். அவள் கேட்டவள்."

ஐம்பது வருஷத்துக்கு மேல். சொல்லி முடிக்க இவ்வளவுதான் சென்றது.

செங்கலடிக்காரி என்னைப் பார்த்தாள். "நீயா? அப்ப நான் கேட்ட கேள்விக்கு ஏன்கா சும்மா எண்டாய்?" பிறகு குனிந்துகொண்டு சொன்னாள். "செவ்வாய் நான். காஞ்சி கிடந்தது. குசினியில இருந்து அலட்டிற்று மறுகா வந்து மாட்டுவாள் எண்டு நினைச்சன். நான் நொடிச்சிச் சிரிச்சதாலதானே குசினிக்குப் போனவள், அவளால நிக்க வேண்டி வந்தா எனக்குத்தானே எல்லாரும் ஏசுவாங்க. நனைச்சன். மறுகா உனக்குக் கஞ்சி கொண்டந்து, ஈரம் எண்டு நானே சொன்னன்."

"புதன் நான்" என்றாள் ஓட்டமாவடிக்காரி. "வயித்துக் குத்து. நிக்க ஏலா. நேத்து ஈரம்தானே, ஆள் இருக்காள்தானே எண்டு கையால தடவி விட்டன்."

சட்டாம்பிள்ளை அக்கா தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழன் நான். பொறுப்புப் பிள்ளை நான்தானே. என்ர வரிசை நிண்டா எனக்கு வெக்கம். நான் தேடியிருக்கோணும். நனைச்சன்."

விடுதியம்மாவின் மகள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடித்தாள். நாலு விரல் மடிந்தது. பெருவிரலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

"வெள்ளி?" என்றாள்.

"வெள்ளி மத்தியானமே அப்பா வந்து என்னக் கூட்டிற்றுப் போயிட்டார். கடைக்குள்ள தண்ணி" என்றாள் செங்கலடிக்காரி.

"நான் மேல. மழைக்கு யன்னல் பூட்டச் சொன்னாங்க. செபத்துக்கும் இறங்கல்ல" என்றார் சட்டாம்பிள்ளை அக்கா.

நான் காய்ச்சல் அறையில் இருந்தேன். எல்லோரும் ஓட்டமாவடிக்காரியைப் பார்த்தார்கள்.

"நான் நனைக்கல்ல" என்றாள். "அண்டைக்கு வரிசையில நான் தனிய. செபத்துக்கு எழும்பக்குள்ள தொட்டுப் பாத்தன். காஞ்சி, வெள்ளையாக் கிடந்தது. இவளுக்காக எத்தின நாள் நனைக்கிற எண்டு வேணுமெண்டுதான் விட்டன். பிடிபடட்டும் எண்டு. செபம் முடிய, உங்கட உம்மா வந்தா. நான் ஏச்சு வாங்க எழும்பி நிண்டன். அவ கடைசிப் பீங்கானத் தொட்டா. ஒண்டும் சொல்லல்ல, போயிட்டா. நான் போய்ப் பாத்தன். தண்ணி சொட்டிற்றுக் கிடந்தது. கீழ சீமெந்துல வட்டமாத் தண்ணி. அல்லாட காவல், நான் இத எங்கட வீட்டுலயும் சொன்னதில்ல."

"வேற வரிசையாள் ஆரும்?" என்று ரீச்சர் கேட்டார்.

"செபத்துல எல்லாரும் முழங்கால்ல. என்னத் தாண்டித்தான் கடைசி ஆணிக்குப் போகோணும். ஒருத்தரும் தாண்டல்ல."

நான் கேட்ட கால்சத்தத்தைச் சொல்லவா என்று நினைத்தேன். சொன்னேன். சமையலக்கா வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே வீட்டுக்குப் போனவர் என்று சட்டாம்பிள்ளை அக்கா சொன்னார். சமையலக்காவின் வளவுக்குள் தண்ணீர் வந்து ஆள் வந்து கூப்பிட்டதாம். சாப்பாடு அன்று சட்டாம்பிள்ளை அக்காதான் பரிமாறினாராம்.

விடுதியம்மாவின் மகள் மெதுவாகச் சொன்னாள். "அண்டைக்கு நான் லாம்பக் கிட்டப் பிடிச்சன். அம்மா கடைசிப் பீங்கானத் தொட்டுப் போட்டு விரலப் பாத்தா. 'இவ சரியாக் கழுவல்ல, சேறு கிடக்கு' எண்டா. விரலச் சேலையில துடைச்சா. அவ்வளவுதான்."

ரீச்சர் போனைக் கீழே வைத்தார். "அப்ப நான் வெள்ளிக்கு என்ன எழுத?" என்றார்.

"அம்மா பொய் சொல்லல்ல எண்டு எழுதுங்க. அஞ்சு பின்னேரமும் ஈரம் எண்டு எழுதுங்க. அது போதும் எனக்கு."

அவள் எழும்பினாள். உடைந்த மேசைகளை விலத்திக்கொண்டு சுவரடிக்குப் போனாள். முதல் ஆணியில் இருந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள், அவளுடைய அம்மா வருகிற மாதிரியே, அதே நடை. கடைசி ஆணியில் நின்றாள். தொட்டாள். விரலைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"தூசியா?" என்று கேட்டேன்.

அவள் தலைப்பை மடித்துச் செருகினாள். வந்து கதிரையில் இருந்தாள். நானும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

பீங்கான் ஐந்து பின்னேரம் ஈரம். நனைத்த ஆட்கள் நாலு.